கணினிக்காரருக்கு என்ன பரிசு வாங்குவது?

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளின் கையில் இப்போதெல்லாம் துணிப்பையோடு ஒரு கணினிக் கடைப் பையும் இருக்கிறது. தம்பிக்கு ஹெட்செட், அப்பாவுக்கு டேப்லெட், அக்கா மகளுக்கு மடிக்கணினி. ஆசையாக வாங்கி வந்த அந்தப் பொருள் பல வீடுகளில் பொங்கலுக்குள் அலமாரிக்குப் போய்விடுகிறது. பொருளில் குறை இருக்காது. வாங்கியவர் கடையில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்தார். அதை வைத்துக்கொள்ளப் போகிறவர் எங்கே உட்காருகிறார், எதைச் செய்கிறார், எங்கே திணறுகிறார் என்று பார்க்கவில்லை.

ஹுத்தான் மெலிந்தாங்கையே எடுத்துக்கொள்வோம். பெர்ணாம் ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள், சுற்றிலும் செம்பனை. 2017 ஜனவரியில் பாகான் டத்தோ தனி மாவட்டமானபோது அதற்குள் வந்த ஊர். தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு மாறிய குடும்பங்கள் இங்கே நிறைய. ஒரு வீட்டில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, படிவம் 5 படிக்கும் பெண், தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கும் அப்பா, பலகாரம் செய்து விற்கும் அம்மா, கைப்பேசியைக் கீழே வைக்காத பாட்டி என்று ஐவகைப் பயனாளர்கள் இருப்பார்கள். ஐவருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பொருள் வாங்குவது பணத்துக்குக் கேடு.

பெரிய நகரத்துக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு வித்தியாசம் பழுது பார்ப்பதில் இருக்கிறது. தலைநகரில் திரை உடைந்தால் லோ யாட் பிளாசாவுக்கு ஓடலாம். இங்கே தெலுக் இந்தானுக்குப் போக வேண்டும். அங்கே உதிரிப்பாகம் இல்லையென்றால் ஈப்போ. ஆகவே எதை வாங்கும் முன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இவருக்கு இப்போது தினமும் தொல்லை கொடுப்பது எது? நான் வாங்கும் பொருள் கெட்டால் யார் பார்ப்பார்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பதில் தெரிய வேண்டுமானால் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, கழுத்தைக் குனிந்து, தொடுபலகையில் ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். சார்ஜர் ஒயர் கழுத்துப் பகுதியில் பிய்ந்து டேப் சுற்றியிருக்கும். ஒரு நல்ல மவுஸ், உயர்த்தி வைக்க ஒரு தாங்கி, ஒரு தனி விசைப்பலகை, அதே வாட் அளவுள்ள தரமான சார்ஜர். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மவுஸ் ஐம்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆயிரம் வெள்ளி டேப்லெட்டைவிட இந்தச் சின்னப் பொருள்கள் அவளுக்கு அதிகம் உதவும்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு

இதுதான் வீட்டில் வாங்கும் மிகப் பெரிய பரிசு. மாமாக்களும் அத்தைகளும் சேர்ந்து பணம் போடுவார்கள். தவறு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

முதலில் எந்தப் படிப்பு என்று கேளுங்கள். பொறியியல், கட்டட வரைபடம் படிக்கப் போகிறவருக்கு ஆட்டோகேட் போன்ற மென்பொருள் வேண்டும். குரோம்புக்கில் அதை நிறுவ முடியாது. கட்டுரையும் கூகுள் கிளாஸ்ரூமும் மட்டும் போதும் என்றால் குரோம்புக் போதுமானது. ஆனால் பழைய குரோம்புக் வாங்கும்போது அதன் அப்டேட் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தியவை பல காலாவதியாகிவிட்டன. மலிவாகக் கிடைப்பதன் காரணமும் அதுதான்.

விண்டோஸ் மடிக்கணினி என்றால், கடையில் புதிதாக மின்னும் மலிவு மாடலைப் பார்த்து மயங்காதீர்கள். 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் கொண்டவை இன்னும் விற்கப்படுகின்றன. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை அதுவே என்பதால் கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஓர் அப்டேட் வந்தாலே இடம் நிறைந்துவிடும். அந்தப் பாகங்கள் பெரும்பாலும் பலகையோடு ஒட்டப்பட்டவை, பிறகு கூட்டவும் முடியாது. அதே பணத்துக்கு அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த வணிக மடிக்கணினி ஒன்று, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதாகக் கிடைத்தால் தயங்காமல் அதை வாங்குங்கள். உடம்பு உறுதி, உதிரிப்பாகம் ஏராளம், தெலுக் இந்தான் கடைக்காரரே திறந்து பார்ப்பார்.

பழையதை வாங்கும்போது ஓர் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ஐ5-7300 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8350 என்றால் எட்டு, ஐ5-1135 என்றால் பதினொன்று. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணைப் பாருங்கள். அது 1 ஆக இருந்தால் அடுத்த எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். லெனோவோவின் திங்க்பேட் டி470, டி480 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். டி470 2017இல் வந்தது, ஏழாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு வந்த டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். பிள்ளையின் மூன்று ஆண்டுப் படிப்பு அதில் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பாமல், கணினியை இயக்கி செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் செயலி எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கூடவே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே உள்ள வசதி அது, கடைக்காரருக்குத் தெரியும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு அளவு வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பயோஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பூட்டைத் திறப்பது பெரிய பாடு.

பாட்டிக்கும் தாத்தாவுக்கும்

“கண்ணு, போனு புல்லுன்னே வருதுடா. ஒடஞ்சி போச்சா?”

பாட்டி இப்படிக் கேட்டால் உடனே புதுக் கைப்பேசி வாங்கத் தோன்றும். வேண்டாம். கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். காலை வணக்கப் படங்களும், கோயில் காணொளிகளும், குடும்பக் குழுவில் வந்தவையும் புலனத்தில் தானாக இறங்கி இறங்கி இடத்தை அடைத்திருக்கும். புலனத்தின் செட்டிங்ஸில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள். தேவையில்லாததை அவரிடம் கேட்டுக் கேட்டு அழியுங்கள். கேட்காமல் அழித்தால் பேரனின் முதல் பிறந்தநாள் படமும் சேர்ந்து போய்விடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் என்றால் கைப்பேசியின் மொழியையே தமிழுக்கு மாற்றிவிடலாம். கூகுள் விசைப்பலகையில் குரல் தட்டச்சு தமிழுக்கு உண்டு, மலேசியத் தமிழ் என்று தனித் தேர்வே இருக்கிறது. மைக் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும் என்று தெரிந்ததும் பாட்டி குரல் செய்திக்குப் பதிலாக எழுத்துச் செய்தி அனுப்பத் தொடங்குவார். எழுதவே கூச்சப்பட்ட ஒருவருக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இதோடு கைப்பேசியை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி, காது மந்தமானவருக்குச் சிறிய ஒலிபெருக்கி. இரண்டும் விலை குறைவு, தினமும் பயன்படும்.

பணம் சம்பந்தப்பட்ட ஒன்றையும் அன்றே செய்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு, வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை மூடிவையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. அதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கைப்பேசி உறைக்குள் ஒட்டுங்கள். பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கோயில் செயலாளருக்கும் எழுதுகிறவருக்கும்

திருவிழா அழைப்பிதழ், கூட்டக் குறிப்பு, நாளிதழுக்கு அனுப்பும் கவிதை என்று தமிழில் தட்டச்சு செய்கிறவர் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். இவர்களுக்குப் பலர் பேனா வாங்கிக் கொடுக்கிறார்கள். மெத்தென்று அழுந்தும் நல்ல விசைப்பலகை வாங்கிக் கொடுங்கள். அதன்மேல் ஒட்டத் தமிழ் எழுத்து ஒட்டிகளும் சேர்த்து.

தமிழ்99 முறை தெரியாதவர் என்றால் அதைக் கற்றுக் கொடுப்பதே நல்ல பரிசு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வடிவம் பெற்று, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைமுகம் அது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ‘க’ விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ என்று வரும். ரோமன் எழுத்தில் ஒலித்துப் பழகியவருக்கு அஞ்சல் முறை இருக்கிறது. அது நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் உழைப்பு. முரசு அஞ்சலையும், பின்பு 2005இல் கைப்பேசிக்கான செல்லினத்தையும் உருவாக்கியவர் அவர். இன்று விண்டோஸிலும் மேக்கிலும் இரண்டு விசைமுகங்களும் உள்ளேயே இருப்பதால் எதையும் வாங்க வேண்டியதில்லை. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

இவர்களிடம் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் குவிந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. ஒரு மதியம் உட்கார்ந்து கோயிலின் பழைய கணக்கையும் திருவிழாக் குறிப்புகளையும் மாற்றி, ஒரு பிரதியை வெளி வன்தட்டிலும் இன்னொன்றை மேகச் சேமிப்பிலும் வைத்துக் கொடுத்தால், அவருக்கு மட்டும் இல்லை, ஊருக்கே செய்த உதவி.

பலகாரம் விற்கும் அம்மாவுக்கும், பிரிண்டர் கேட்பவருக்கும்

பிரிண்டர் வாங்குமுன் வாரத்துக்கு எத்தனை பக்கம் அச்சிடுவார் என்று கேளுங்கள். மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் மைப் பிரிண்டரின் முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எப்போதாவது மட்டும் அச்சிடும் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரே சரி. டோனர் தூள் காயாது. வாரந்தோறும் பிள்ளைகளின் பள்ளி வேலை அச்சிடும் வீட்டுக்கு மைத்தொட்டிப் பிரிண்டர். ஷாப்பியில் முறுக்கும் அதிரசமும் விற்று, தினமும் பொட்டலம் அனுப்பும் அம்மாவுக்குச் சிறிய வெப்ப அச்சு லேபிள் பிரிண்டர் வரம். அதற்கு மையே வேண்டாம், முகவரிச் சீட்டு ஒட்டுத்தாளில் நேராக வரும். படம் நன்றாக எடுக்க ஒரு முக்காலியும் ஒரு வட்ட விளக்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

கணினி விளையாட்டுக்காரரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு மிகத் துல்லியமாகத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள், அல்லது அங்பாவில் பணமாக வையுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு, 85 டெசிபலுக்கு மேல் ஒலி போகாத ஹெட்போனும், சின்னக் கைக்குப் பொருந்தும் மவுஸும். எதையும் பிரித்துப் பார்க்கும் குணமுள்ள பிள்ளை என்றால் மைக்ரோபிட் பலகை ஒன்று. உள்ளங்கையில் அடங்கும், நிரல் கட்டங்களை இழுத்து அடுக்கினாலே விளக்கு எரியும்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்” என்பவருக்கு

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அப்பா. அவர் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே பால்மரக் காலத்துப் படங்கள்: பெரட்டில் வரிசையாக நிற்பவர்கள், லயத்து வாசலில் கல்யாணக் கூட்டம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஆற்றோர ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருக்கும். இருந்த தோட்டம் செம்பனையாகி, லயமும் இடிக்கப்பட்டுவிட்ட குடும்பத்துக்கு, அந்த இடம் இருந்ததற்கு இந்த டின்தான் சாட்சி.

அவற்றை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். ஸ்கேன் செய்யும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: ஆண்டு, இடம், ஆட்களின் பெயர். பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், தள்ளிப்போட வேண்டாம். ஜேபெக் கோப்புகளாக ஒரு பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் பெரும்பாலான டிவிகளில் அப்படியே ஓடும். பென் டிரைவை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைக்கு விற்கும் 2 டிபி விரல் வட்டுகளில் போலி அதிகம், கொஞ்சம் நிரம்பியதும் கோப்புகள் கெட்டுவிடும்.

எந்த வீட்டுக்கும் பொருந்துவது

உலகில் இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியா ஒன்று. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள நீட்டுப் பலகை ஒன்றை எந்த வீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியாக இல்லையென்றால் அந்தப் பலகை முழுப் பாதுகாப்புத் தராது. வயர்மேனை அழைத்துச் சோதிப்பது நல்லது. தடுப்பு விளக்கு அணைந்துவிட்டால் பலகையை மாற்ற வேண்டும். ஃபைபர் இணையம் வந்தபின் மின்னல் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்பது சரிதான், ஆனால் ரூட்டரின் அடாப்டர் சுவரில்தான் செருகியிருக்கிறது. இடி இடித்தால் பிடுங்கிவிடுவதே முதல் பாதுகாப்பு. பல்லியும் எறும்பும் புகாமல் பலகையைத் தரையிலிருந்து உயர்த்திச் சுவரில் மாட்டுங்கள்.

ரசீது

வாங்கிய எதற்கும் ரசீதை எடுத்து வையுங்கள். பரிசுப் பெட்டியிலிருந்து விலைச்சீட்டைக் கிழிக்கலாம். ரசீதைக் கிழிக்கக் கூடாது. வருமான வரியில் ‘வாழ்க்கைமுறை’ விலக்கு என்று ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை இருக்கிறது. புத்தகம், இணையக் கட்டணம் இவற்றோடு கணினி, கைப்பேசி, டேப்லெட் வாங்கிய செலவும் அதில் அடங்கும். ஆனால் உங்களுக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைக்கோ வாங்கியதாக இருக்க வேண்டும். மகளுக்கு வாங்கிய மடிக்கணினியைக் காட்டலாம். அண்ணன் மகனுக்கு வாங்கியதைக் காட்ட முடியாது. பல மாமாக்கள் சேர்ந்து வாங்கும்போது ரசீதைப் பெற்றோர் பெயரில் போட்டால், பெற்றோர் தாங்கள் செலவு செய்த பங்குக்கு விலக்குக் கோரலாம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் விலை ஒப்பிடும்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய மடிக்கணினிக்குக் கடைக்காரர் வாயால் சொல்லும் உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: எத்தனை மாதம், எந்தப் பாகத்துக்கு, செயலி எண் என்ன. சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று தெரிந்து, கடைக்காரரும் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.